திரையில் ஏறிய தீபம்

கார்த்திகை மாதத்துக் கிருத்திகை நாளில், மாலை ஆறு மணியளவில் திருவண்ணாமலையில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. பஞ்சமூர்த்திகள் எழுந்தருளியிருக்க, அர்த்தநாரீசுவரர் ஆடியவண்ணம் வெளிவந்து, சில நிமிடங்களே காட்சி தந்து, மீண்டும் உள்ளே சென்றுவிடுவார். ஆண்டு முழுவதிலும் அவர் வெளிவருவது அந்த ஒரு முறைதான். அவ்வேளையில் கொடிமரத்தின் முன்னே அகண்ட தீபம் ஏற்றப்பட, 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையிலே மகாதீபம் சுடர்விடும். சுற்றுவட்டாரத்து ஊர்களில் அதைக் கண்ட பிறகே வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். உபவாசம் இருந்தவர்கள் அதன் பின்பே உணவு கொள்வார்கள்.

அந்த மலை தெரியும் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் இந்த அம்மையார். பதினெட்டு வயதில் கும்பகோணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். இப்போது அகவை 86. காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? ஆயினும் தாய்வீட்டு வழக்கத்தை அவர் கைவிடவில்லை. கால்கள் ஒத்துழைத்தவரை ஆண்டுதோறும் திருவண்ணாமலைக்குச் சென்றுவந்தார். பிறகு தொலைக்காட்சியில் தீபத்தைக் கண்டு அகல் ஏற்றினார். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு ஒடுங்கிய பின்னும் உபவாசம் மாறவில்லை. "ஆறு மணி ஆனதும் ஏற்றிவிடலாமே" என்று மருமகள் ஒருமுறை சொன்னபோது, "மணியைப் பார்த்து ஏற்றினால் அது மணிக்கு ஏற்றின விளக்கு" என்றாராம்.

சென்ற ஆண்டு தீபத்தன்று மாலையில் மழை கொட்டியது. கேபிள் எங்கோ அறுந்து, திரையில் படம் வரவில்லை. திருவண்ணாமலையில் இருக்கும் தம்பி மகனைக் கைப்பேசியில் அழைத்தால், அங்கே கூடியிருந்த பெருங்கூட்டத்தில் இணைப்பே கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு அழைப்புக் கிடைத்து, தீபம் ஏற்றியாயிற்று என்று அவர் வாயால் கேட்கும்வரை அம்மையார் தண்ணீரும் தொடவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்; அன்றிரவு மருத்துவரை வீட்டுக்கு அழைக்க நேர்ந்தது.

அவருடைய மகன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நெடுங்காலம் அறிவியல் கற்பித்தவர். இந்த ஆண்டு அந்த இடையூறு நேரவிடக் கூடாது என்று உறுதிகொண்டு, தூர்தர்ஷனின் மாதச் சந்தா இல்லாத வீட்டுக் கிண்ணச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷைப் பெறுவதற்கென ஒரு டிஷ்ஷும் புதிய செட்டாப் பாக்ஸும் வாங்கினார். திருவண்ணாமலையில் கொடியேற்றம் நிகழ்ந்த அன்று அது வீட்டுக்கு வந்தது. தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

டிஷ்ஷைப் பொருத்த வந்த இளைஞர் அரை மணியில் வேலையை முடித்தார். படம் தெளிவாகவே வந்தது. "அவ்வளவுதான் ஐயா" என்று கிளம்பிவிட்டார். தலைமையாசிரியருக்கு அது போதவில்லை. தொலைவியக்கியை எடுத்துப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். அங்கே இரண்டு கோடுகள். ஒன்று அலையின் வலு, மற்றொன்று தரம். வலு எண்பதுக்கு மேல் நின்றது. தரமோ ஐம்பத்து நான்கு. டிஷ்ஷை வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பிப் பார்த்தார். தரம் சுழியாகியும் வலுக்கோடு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது! வலு என்பது வெறும் ஆரவாரம், தரமே பொருள் என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இந்தச் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றுவதால் நமக்கு அது அசையாமல் நிற்பதாகவே தோன்றும். கும்பகோணத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அக்கினி மூலையில், தலைக்கு மேலே ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் இருக்கிறது. இதைக் கணக்கிட்டுச் சொன்னபோது, "அக்கினி மூலையிலிருந்து தீபம் வருவது பொருத்தம்தானே" என்று அன்னையார் மகிழ்ந்தார்.

கிண்ணம் பார்ப்பதற்கு அவ்வளவு நிமிர்ந்து வானை நோக்குவதில்லை. அலைவாங்கி முகப்பு நடுவில் இல்லாமல் கீழ்ப்புறமாக அமைந்திருப்பதால், டிஷ் நோக்குவதாகத் தோன்றும் திசைக்கு மேலேதான் அதன் உண்மைப் பார்வை இருக்கிறது. புதிதாகப் பொருத்துபவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தலைமையாசிரியர் முதலில் தூக்குக்குண்டு விட்டுத் தாங்குகுழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தார், நிற்கவில்லை. அதைச் சரிசெய்தபின், மறுநாள் காலை பேரனைத் திரையின் முன் அமர்த்தி, தாம் மொட்டைமாடியில் நின்று, கைப்பேசியில் பேசிக்கொண்டே டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வினாடி பொறுக்க வேண்டும். நகர்த்தியது திரையில் தெரிய அவ்வளவு நேரமாகும். "அறுபத்து மூன்று தாத்தா... எழுபத்து ஒன்று... ஐயோ, போச்சு, அறுபது." முகப்பைச் சற்றே திருகியதும் எழுபத்தெட்டுக்கு ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை.

படம் முன்பும் தெளிவு, இப்போதும் அதே தெளிவு. பிறகு எதற்கு இத்தனை பாடு என்று மருமகள் வினவினார். நியாயமான கேள்வி. பழைய ஆன்டெனாவில் அலை குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும். குறைபாடு முன்னதாகவே தெரிந்துவிடும். இலக்கமுறையில் அப்படியில்லை. ஓர் எல்லைவரை படம் பழுதின்றி இருக்கும். எல்லை தாண்டினால் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுபோகும். அந்தப் பெட்டியில் எல்லை முப்பதை ஒட்டியிருந்தது. இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே ஆதலால், கனமழையின் துளிகள் அவற்றை விழுங்கிவிடும். எழுபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் இடையிலுள்ளதுதான் மழைக்கென ஒதுக்கிய கையிருப்பு. வைப்புத்தொகை முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட்டு அமரும் வங்கி எத்தகையதோ, எல்லையை ஒட்டிப் படம் காட்டும் டிஷ்ஷும் அத்தகையதே. நல்ல நாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அடுத்த சில நாள்கள் சோதனையிலேயே கழிந்தன. கேபிள் முனைகளில் நீர் புகாதபடி நாடா சுற்றினார். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு, மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாறு செய்தார். டிஷ்ஷின்மீது குடங்குடமாக நீரூற்றினார். தரம் சிறிதே இறங்கியது. முகப்பின்மேல் ஈரத்துண்டைப் போர்த்தினார். படம் முற்றிலும் நின்றது. ஊர் மழைக்கும் ஈரத்துண்டுக்கும் என்ன கணக்கு என்று பேரன் சிரித்தான். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் தாங்குகிறதா என்றும் பார்த்தாயிற்று. பொதிகை என்று நெடுநாள் வழங்கி இப்போது டிடி தமிழ் எனப் பெயர் பெற்றிருக்கும் அலைவரிசை, ஒரே பொத்தானில் வரும்படி செய்தாயிற்று.

ஆறாம் நாள் ஒரு புதிய ஐயம் எழுந்தது. செய்தி அலைவரிசை ஒன்றின் திரைமூலையில் ஓடிய கடிகாரம், கைப்பேசிக் கடிகாரத்தைவிடச் சில வினாடி பிந்தியிருந்தது. பலமுறை பார்த்தார். ஐந்து, சில வேளை ஆறு வினாடி. கைப்பேசியில் இணையம் வழியே பார்த்தால் பிந்துவது இன்னும் அதிகம். செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கும் 72,000 கிலோமீட்டரை ஒளியின் வேகத்தில் அலை கடக்கக் கால் வினாடிதான். மீதி நேரமெல்லாம் படத்தைச் சுருக்கி அனுப்புவதிலும் இங்கே அதை விரிப்பதிலும் கழிகிறது. அதிலும் திருவண்ணாமலைக் காட்சி நேரே கும்பகோணத்துக்கு வருவதில்லை. டெல்லி தோடாப்பூரில் உள்ள நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்துதான் ஜிசாட்டுக்கு ஏறுகிறது. பேருந்தில் சில மணி நேரத்தில் எட்டிவிடும் மலை, டெல்லிக்கும் விண்ணுக்கும் போய்வந்து காட்சி தர வேண்டியிருக்கிறது!

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் தாயாரிடம் எதையும் மறைத்துப் பழகாதவர். அன்றிரவு சொன்னார்: "அம்மா, நீங்க திரையில பாக்கும்போது அங்க ஏத்தி ஆறு வினாடி ஆயிருக்கும். தம்பி வீட்டு வாசல்லேர்ந்தே மலை தெரியும். தரைவழித் தொலைபேசியில அஞ்சே முக்காலுக்கே கூப்பிட்டு, ஏத்தினதும் சொல்லச் சொல்றேன். அதைக் கேட்டு ஏத்திடலாமா?"

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. தீபத்தன்று திண்ணையில் மலையை நோக்கி அமர்ந்திருப்பார். பிள்ளைகள் மெத்தைமேல் நின்று பார்த்து, "தெரியுது பாட்டி" என்று கூவியதும் கைகூப்புவார். எழுந்து போய் முதல் அகலை ஏற்றுவார். "அவங்களுக்குக் கண்ணில்லை, கேட்டாங்க. எனக்குக் கண் இருக்கே. நான் பாத்தே ஏத்தறேன்பா" என்று முடித்தார்.

தீப நாளும் வந்தது. நண்பகலிலேயே வானம் கறுத்தது. ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியர் ஒலிபரப்பைப் பார்க்கவில்லை. இடையிடையே எண்ணைத்தான் பார்த்தார். எழுபத்தெட்டு அறுபதாகி, ஐம்பத்திரண்டாகி, ஆறு மணிக்குச் சற்று முன்னே நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. படம் உடையவில்லை. எதிர்வீட்டுத் திரை முன்னமே இருண்டுவிட்டிருந்ததால் அவ்வீட்டாரும் வந்து கூடத்தில் நின்றனர். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டு, அம்மையார் கைகூப்பி அமர்ந்திருந்தார். எட்டு வயதுக் கொள்ளுப்பேத்தி அருகே அகலும் தீப்பெட்டியுமாக நின்றாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி மகனின் தொலைபேசி இணைப்பும் பெறப்பட்டிருந்தது. தலைமையாசிரியர் அதைக் காதில் வைத்து நின்றார். திரையில் அர்த்தநாரீசுவரர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கையிலேயே, "ஏத்தியாச்சு அத்தான்! அரோகரா!" என்ற குரல் செவியில் விழுந்தது. அவர் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவர் ஒருவருக்கே தெரிந்திருந்த அந்தச் சில வினாடிகள் மிக நீண்டதாக இருந்ததாகப் பின்னர் கூறினார். திரை மாறியது. இருண்ட மலை, உச்சியில் ஒரு சிறு பொறி. கூடம் முழுவதும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று முழங்கியது.

அன்னையார் உதடுகள் அசைய ஒரே இடத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். பின்னர் கை நீட்டிக் காட்டினார்: "அதோ, செவப்பாத் தெரியுதே. அதுதானே?"

அவர் காட்டியது திரையை அன்று. திரைக்குக் கீழே இருந்த புதிய பெட்டியில், மின்சாரம் வருவதைக் காட்டும் சிவப்பு விளக்கை.

பெரியவர்கள் எவருக்கும் நா எழவில்லை. குழந்தை சொன்னாள்: "அது பெட்டி லைட்டு பெரிய பாட்டி. தீபம் மேல இருக்கு. மலைக்கு மேல, சின்னதா."

"மேலயா?" அம்மையார் முகத்தை நிமிர்த்திக் கண்ணைச் சுருக்கினார். "உனக்குத் தெரியுதா?"

"தெரியுது பாட்டி."

"அப்ப சரி, ஏத்து" என்று அவர் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டார். இருவருமாக முதல் அகலை ஏற்றினர். அதிலிருந்து வாசல் விளக்குகள், மாடம், துளசி மாடம், கிணற்றடி என்று சுடர் பரவியது. ஆறேகாலுக்கெல்லாம் அன்னையார் இரண்டு பொரி உருண்டையும் ஒரு குவளைப் பாலும் உட்கொண்டார்.

இரவு எல்லோரும் உறங்கிய பின் தலைமையாசிரியர் நெடுநேரம் கூடத்தில் அமர்ந்திருந்தார். டிஷ், முகப்பு, கேபிள், இன்வெர்ட்டர், கடிகாரம் என்று ஒன்பது நாள் சோதித்தவர், கட்டிலிலிருந்து அந்தத் திரை தாயாருக்குத் தெரிகிறதா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. எத்தனை மாதமாகவோ அவர் தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தொந்தரவு வேண்டாமென்று சொல்லாமல் இருந்தாரா, தமக்கே அது முழுவதும் தெரியவில்லையா என்பதை அவர் பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கண் மருத்துவமனையில் முன்பதிவு செய்தார். மாலையில் பேரனும் அவருமாகக் கட்டிலைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டனர். மலையில் தீபம் பதினொரு நாள் எரியும். செய்தியில் மீண்டும் காட்டுவார்கள். பெட்டியின் சிவப்பு விளக்கு கண்ணை ஏமாற்றுகிறதே என்று பேரன் அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டப் போனான். "அது இருந்துட்டுப் போகட்டும்பா" என்று அன்னையார் தடுத்துவிட்டார்.