எந்தத் தமிழை முதலில் சொல்லித்தருவது?

வங்கி வேலையில் மாற்றலாகி பீகாரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த இளைஞர் ஒருவருக்குச் சாயங்கால நேரத்தில் தமிழ் சொல்லித்தருகிறேன். கையில் ஒரு பாடப்புத்தகத்தோடுதான் வந்தார். அதில் எல்லாரும் ‘நான் கடைக்குச் செல்கிறேன்’, ‘அவர் நீர் அருந்துகிறார்’ என்றே பேசுகிறார்கள். இவருடைய கவுன்ட்டருக்கு வரும் பாட்டியோ, ‘பணம் ஏறிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி’ என்கிறார். அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாலும் பாட்டிக்குப் பதில் சொல்ல முடியாது.

எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். நமக்கு இது சிக்கலாகவே தெரிவதில்லை. ஒன்றை வீட்டில் கேட்டே வளர்ந்தோம், மற்றதைப் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டோம். வெளியிலிருந்து வருகிறவர் இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சுமையைப் பிரித்துக் கொடுத்தவர் ஓர் இத்தாலியர். வீரமாமுனிவர் என்று நாம் சொல்லும் பெஸ்கி 1728இல் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், 1730இல் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். அவர் கொடுந்தமிழ் என்றது இன்றைய தெருப்பேச்சு அல்ல, அன்றைய சாதாரண வழக்கு. ஆனாலும் இரண்டையும் ஒரே பாடத்தில் போட்டுக் குழப்பக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அவரோ கத்தோலிக்கர், கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டதோ தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். இரு தரப்புக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் நல்ல பாடநூலை யார்தான் விடுவார்கள்?

அதே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் அடுத்து வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கு. காலையில் முதல் வேலை, படித்த சொற்களைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. பிறகு உச்சிவேளை வரை ஒரு வயதான புலவரையும் ஓர் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏடு வாசிப்பது. இரவில் பிறர் வாசிக்கக் கேட்பது. எந்த நடையில் தாம் பேசவும் எழுதவும் விரும்பினாரோ அந்த நடையில் உள்ள நூல்களைப் பொறுக்கியெடுத்து, தெரியாத சொல் ஒன்றும் இல்லை என்றாகும் வரை அவற்றையே திரும்பத் திரும்பப் படித்தார். பத்து ஆண்டுகளில், 1716இல், அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது.

நம் பாடப்புத்தகங்கள் இதற்கு நேர்மாறு. முப்பது பாடம், ஒவ்வொன்றும் ஒரே தடவை. மரம், பழம், கிழமைகள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். புரிகிற மொழியை, கொஞ்சம் எட்டிப் பிடிக்கிற உயரத்தில், நிறையக் கேட்கவும் படிக்கவும் வேண்டும் என்று 1980களில் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதாடினார். கேட்டால் மட்டும் போதுமா, வாய் திறக்க வேண்டாமா என்று அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் நான் வாய் திறக்கச் சொல்பவர்கள் பக்கம். ஆனால் கேட்காத காதிலிருந்து பேச்சு எங்கிருந்து வரும்?

ஆகவே புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னேன். ரேஷன் கடையில் நடந்த ஒரு சின்னத் தகராறை என் மனைவி இரண்டு நிமிடம் சொன்னாள். அவர் அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டார். ஒரு வாரம் அதே தகராறுதான். அடுத்த வாரம் அதையே அவர் என்னிடம் சொல்ல வேண்டும். பிறகு நாளைக்கு நடக்கப்போவதாகச் சொல்ல வேண்டும். பிறகு கடைக்காரர் தன் பக்க நியாயத்தைச் சொல்வதுபோல. கதை மாறவில்லை, காலமும் இடமும் மரியாதையும் மாறின. ‘வாங்க’, ‘வா’, ‘வாடா’ மூன்றும் எங்கெங்கே செல்லும் என்பதை இலக்கண அட்டவணை எதுவும் இல்லாமலே பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் என்னோடு உடன்படவில்லை. “சார், எழுத்துத் தமிழ்தான் ஈஸி. ஒவ்வொரு எழுத்தும் நின்னு பதில் சொல்லுது. பேசும்போது பாதிய முழுங்கிடுறீங்க.” பேச்சுதான் முதலில் என்று பிடிவாதமாக இருந்த எனக்கு இது கொஞ்சம் இடித்தது. யோசித்தால் நியாயம்தான். குழந்தைக்குச் சொல்லாத இலக்கணத்தை, ஏற்கெனவே ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தினத்தந்தி. விபத்துச் செய்திகளில் ஆரம்பித்தோம்; லாரி மாறும், ஊர் மாறும், வாக்கியம் அநேகமாக மாறாது. சீகன்பால்குக்குக் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இதற்கிடையில் போன வாரம், விவசாயி ஒருவர் பயிர்க்கடன் கேட்டுக் கொடுத்த மனுவைப் படியெடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். ‘தங்கள் சமூகத்திற்கு அடியேன் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்’ என்று தொடங்குகிறது. பேச்சும் அல்லாத, பத்திரிகையும் அல்லாத இந்த மூன்றாவது தமிழுக்கு என்னிடம் பாடத்திட்டம் எதுவும் இல்லை.