கோடு விலகியிருக்கிறதா பார், கண்ணு

கணபதி, கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. முப்பது அக்ரிலிக் பலகையில் பதினொன்று வீண், அதற்கு மேல் ஆர்டர் கொடுத்தவர் பேசிய பேச்சு வேறு. காலையில் ஒழுங்காக வெட்டிய லேசர் மிஷின் மத்தியானம் எழுத்தைத் தள்ளி வெட்டுகிறது, அதே ஃபைலை மறுபடி போட்டால் சரியாக வருகிறது, நான் என்ன செய்யட்டும் மாமா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இந்தக் கடிதத்தை மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். உதவிக்கு வரும் பெண் ஷீட்டைச் சரியாக வைப்பதில்லை என்றாய். நான் சொல்கிற சோதனையை முடிக்கும் வரை அவளை ஒரு வார்த்தை கேட்காதே. எட்டு வருஷத்துக்கு முன் என் பட்டறையில் இதே வியாதி வந்தது. பெல்ட்டை மாற்றினேன், மோட்டார் டிரைவரை மாற்றினேன், மோட்டாரையும் மாற்றினேன். அப்படியும் வாரத்துக்கு இரண்டு தடவை தள்ளி வெட்டியது. கடைசியில், மிஷின் ஓட்டிய பையன்தான் ஓடும்போது கைவைக்கிறான் என்று சத்தம் போட்டேன். மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால், புல்லியை ஷாஃப்ட்டோடு பிடிக்கிற கிரப் ஸ்குரூ, அரிசி அளவு சாமான், லூசாக இருந்தது. அவன் வீடு தேடிப் போய்ச் சொன்னேன். அவன் அம்மா காபி கொடுத்தார்கள். அவன் திரும்பி வரவே இல்லை.

சரி, வேலைக்கு வா. பெட்டின் மூலையில் ஒரு வேஸ்ட் அக்ரிலிக் துண்டை அசையாமல் ஒட்டி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டு. குறைந்த பவரில் ஒரு சின்னக் கூட்டல் குறி வெட்டு. பிறகு லேசரை அணைத்துவிட்டு, நேற்றைய ஃபைலை வெறுமனே ஓடவிடு. முடிந்ததும் ஹோமுக்கு அனுப்பாமல், அதே இடத்துக்குத் திரும்பி மறுபடி கூட்டல் குறி வெட்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அந்தத் தடவை ஹெட் நழுவவில்லை. ஒரு தடவை சரியாக வந்தால் விட்டுவிடாதே, மத்தியானம் மிஷின் சூடானபின் ஐந்தாறு தடவை பார். குறி விலகினால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று வெர்னியரில் அளந்து எழுது. ‘சுமார் இரண்டு எம்.எம்.’ என்றால் எனக்குப் போதாது.

ஏன் என்று சொல்கிறேன். உன் மிஷினில் 3 எம்.எம். பல் பெல்ட், மோட்டார் ஷாஃப்ட்டிலேயே 20 பல் புல்லி. நான்தான் மாட்டினேன், எனக்குத் தெரியும். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் ஹெட் 60 எம்.எம். போகும். சுற்றுக்கு 200 ஸ்டெப். ஆனால் ஸ்டெப்பர் மோட்டார் தடுக்கி வழுக்கினால் நாலு நாலு ஸ்டெப்பாகத்தான் போய் நிற்கும். அதாவது 1.2, 2.4, 3.6 என்று விலகும். பெல்ட் பல் தாண்டினால் 3 அல்லது 6. இந்த இரண்டு கணக்கிலும் அடங்காமல் ஒரு நாள் 0.7, இன்னொரு நாள் 1.9 என்று வந்தால், புல்லி ஷாஃப்ட்டின் மேல் வழுக்குகிறது. மோட்டார் தடுக்கினால் பெரும்பாலும் ‘கர்ர்’ என்று கத்தும். புல்லி சத்தமே இல்லாமல் வழுக்கிவிடும். கன்ட்ரோலருக்கோ இவற்றில் எதுவுமே தெரியாது. அது கட்டளை மட்டும்தான் அனுப்புகிறது, ஹெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

அடுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உன் நெயில் பாலிஷை எடுத்து, ஷாஃப்ட் முனையிலிருந்து புல்லியின் முகம் வரை ஒரே கோடாக இழு. ஒய் பக்கத்தில் நீளமான ஷாஃப்ட்டின் கப்ளிங்குகளிலும் அதே மாதிரி. அங்கே ஒன்று லூசானால் கேன்ட்ரி கோணலாகிவிடும், சதுரம் வெட்டினால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வராது. லேசர் டியூப் இருக்கும் பக்கம் மட்டும் கை போகவே கூடாது கண்ணு. அது ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கோட்டைப் பார். விலகியிருந்தால் திருடன் அகப்பட்டான். ஸ்குரூவை இறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதே. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், மூன்றாம் நாள் திரும்பவும் வந்தது. ஸ்குரூ முனை ஷாஃப்ட்டில் ஒரு குழி பறித்திருக்கும், எத்தனை தடவை இறுக்கினாலும் அதே குழிக்குள்தான் போய் உட்காரும். புல்லியைக் கழற்றி, ஷாஃப்ட்டின் தட்டையான பக்கம் ஸ்குரூவுக்கு நேராக வருகிற மாதிரி, பழைய குழியிலிருந்து கொஞ்சம் தள்ளி வை. எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரில் துடைத்து, புது ஸ்குரூவில் நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு இறுக்கு. மழுங்கின எல் கீ வேண்டாம். அன்றைக்கு மிஷினை ஓட்டாதே, ஒரு ராத்திரி காயட்டும்.

கோடு அப்படியே இருந்து, விலகல் 1.2 கணக்கில் வந்தால் வேறு வழி. ரெயிலில் அக்ரிலிக் புகை பிசினாகப் படிந்திருக்கும். கரண்ட் இல்லாதபோது ஹெட்டை மெதுவாகத் தள்ளி, எங்கே பிடிக்கிறது என்று கையால் உணர். வேகமாகத் தள்ளினால் மோட்டாரே கரண்ட் உண்டாக்கி டிரைவருக்கு அனுப்பும். ஆக்ஸிலரேஷனைப் பாதியாக்கி ஓட்டிப் பார். மத்தியானத்துக்கு மேல்தான் வருகிறது என்பதால் டிரைவர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பார். கேபிள் செயினுக்குள் மோட்டார் ஒயர் முறிந்திருந்தாலும் இதே கூத்துதான், ஹெட் ஓரத்துக்குப் போகும்போது மட்டும் விட்டுப்போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, தேதி போட்டு எழுதிவை. டிரைவர் சுவிட்ச்சை மட்டும் தொடாதே, மோட்டார் பிளேட்டில் எத்தனை ஆம்பியர் என்று நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வீணான பதினொன்றுக்கு ஷீட் நான் வாங்கி நாளை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிஷினை வித்துவிடு என்று அக்கா சொன்னால் என்னிடம் பேசச் சொல். கூட்டல் குறி விழுந்த டேப்பைக் கிழித்துப் போட்டுவிடாதே. அப்படியே நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரம் எழுதி எனக்குப் போட்டோ அனுப்பு. அந்தப் பெண்ணையே எழுதச் சொல்.

அன்புடன்,
மாமா