கடலூரா, சிதம்பரமா?

"மாப்பிள்ளைக்கு ஆபீஸ் கடலூர், வீடு சிதம்பரம். சரி... குடித்தனம் எங்கே?"

கும்பகோணத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், வருங்கால மாமனார் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். சாதாரணக் கேள்விதான். எனக்குத்தான் பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. ஆறு வருஷமாகக் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் கடலூரில் பஸ் ஏறுகிற ஜென்மம் நான். நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். தூக்கம், பேப்பர், சண்டை, சமாதானம் எல்லாமே பஸ்ஸில்தான். வாழ்வதற்கு எது நல்ல இடம் என்று கேட்டால் 'ஜன்னலோர சீட்' என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்!

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். (பெண் கதவருகே நின்று சிரித்த மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.)

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரிடம் சொன்னேன். அவர் கடலூர் ஓல்டு டவுன்காரர். கவர்மென்ட் பேப்பரில்தான் அது 'முதுநகர்'. மற்றவர்களுக்கு ஓ.டி. ஆபீஸில் அவருக்கே பேர் ஓ.டி. ஆகிவிட்டது.

"இதுல யோசிக்க என்ன மாப்ளே இருக்கு? கலெக்டர் இருக்கிற ஊர் எங்க ஊர். உங்க ஊர்ல என்ன இருக்கு? நடராஜர் இருக்காரு. அவரே ஒரு காலைத் தூக்கிட்டுத்தான் நிக்கறாரு, எப்படா கிளம்பலாம்னு!"

"உங்க ஊர்ல பாதிப் பேர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அது என்ன யோகாசனம்?" என்றேன்.

வார்த்தை முற்றிப் பந்தயம் ஆனது. சனிக்கிழமை இரண்டு ஊரையும் சுற்றிப் பார்ப்பது. தோற்றவர் சாப்பாடு வாங்கித் தரவேண்டும். ஃபைலுக்குள் தலையை விட்டிருந்த சூப்பிரண்டு அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் படிக்காத புத்தகம் கிடையாது. பார்க்காத ஃபைல்தான் நிறைய!

"தம்பிகளா, இதே பந்தயத்தை ரெண்டு நாட்டுத் தலைவர்களே கட்டியிருக்காங்க, தெரியுமா? 1957. ஆப்பிரிக்காவுல கானாவுக்கு அப்பத்தான் சுதந்திரம். அங்கே நிக்ருமா. பக்கத்து ஐவரி கோஸ்ட்டுல ஹூபுவே-புவாஞி. ரெண்டும் கோகோ விளையற பூமி. பத்து வருஷம் கழிச்சு யார் நாடு நல்லா இருக்குன்னு பாத்துடுவோம்னு பந்தயம்."

நிக்ருமா பெரிய திட்டங்களாகப் போட்டார். மற்றவர் பிரெஞ்சுக்காரர்களைப் பகைத்துக்கொள்ளாமல் கோகோவையும் காப்பியையும் விற்றுக்கொண்டிருந்தார். 1966-ல் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது. ஐவரி கோஸ்ட்டை உலகமே அதிசயம் என்று புகழ்ந்தது. அப்புறம் 1980-களில் கோகோ விலை விழுந்தது. 2002-ல் அங்கே உள்நாட்டுப் போரே வந்துவிட்டது. அந்த நேரத்தில் கானா தேர்தல் நடத்தி, சாதுவாக ஆட்சி மாற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப ஜெயிச்சது யாரு சார்?"

"எந்த வருஷத்துல கேக்கறே?" என்றுவிட்டு மறுபடி ஃபைலுக்குள் போய்விட்டார் சூப்பிரண்டு.

* * *

சனிக்கிழமை காலை ஓ.டி. என்னைத் தேவனாம்பட்டினத்துக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். சில்வர் பீச். காற்று பிரமாதம். வக்கீல் மாதிரி ஆரம்பித்தார்: "இங்கே இருந்த கோட்டையை 1690-ல மராட்டியர்கிட்டேருந்து வெள்ளைக்காரன் வாங்கினான். எல்லை எதுன்னு எப்படி முடிவு பண்ணான் தெரியுமா? பீரங்கியால சுட்டான். குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் அவனுக்கு! இன்னிக்கும் குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு பேர் இருக்குது பாரு."

கதை இல்லை, சரித்திரம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், ஆங்கிலேயர்களுக்குத் தலைநகரமே இந்தப் புனித டேவிட் கோட்டைதான். 1752 வரை. கிளைவ் 1756-ல் இங்கே கவர்னராக வந்தார். ஆறு வருஷம் சென்னைக்குப் பதிலாக இருந்த ஊர்! 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். அதோடு சென்னை எங்கேயோ போய்விட்டது. கடலூர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றது.

தென்னாற்காடு ஜில்லா என்று இருந்தபோது செஞ்சி, கள்ளக்குறிச்சி ஜனங்கள்கூட மனுவோடு மஞ்சக்குப்பத்துக்குத்தான் வரவேண்டும். 1993-ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்ததும் அந்தக் கூட்டமும் பாதியாகிவிட்டது. ஆனாலும் கோர்ட், கலெக்டர் ஆபீஸ், ஜெயில் எல்லாம் இங்கேதான். 1918-ல் பாண்டிச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைப் பிடித்து வைத்தது கடலூர் ஜெயிலில்தான். ஜெயகாந்தன் பிறந்ததும் இதே மஞ்சக்குப்பத்தில், 1934-ல். 2021-ல் முனிசிபாலிட்டி, கார்ப்பரேஷன் ஆனது. 2011 கணக்குப்படி ஜனத்தொகை 1 லட்சத்து 73 ஆயிரம் சொச்சம். சிதம்பரம் 62 ஆயிரம் சொச்சம்தான். மார்க் போடுவதாக இருந்தால் ஓ.டி. இந்த இடத்திலேயே ஜெயித்திருப்பார்.

ஆனால் அவர் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"இந்த இடத்துலதான் மாப்ளே, சுனாமி அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். 2004 டிசம்பர் 26. மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். தேவனாம்பட்டினத்துக்கு அடி பலம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். கரண்ட் கம்பமெல்லாம் கோலப்புள்ளி மாதிரி தரையில் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மறுபடி காய்க்க வருஷக்கணக்காகும், கடன்காரன் அதுவரை காத்திருப்பானா? 2015 வெள்ளம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. திருவண்ணாமலையில் மழை பெய்தாலும் கடலூருக்குக் கஷ்டம், அந்தமான் பக்கம் காற்றழுத்தம் உருவானாலும் கடலூருக்குக் கஷ்டம்!

"பீரோவுக்கு அடியில நாலு செங்கல் வெச்சுத்தான் எங்க வீட்டுல எல்லாம் குடித்தனம்" என்றார் ஓ.டி. "உனக்கு வீடு பார்த்தா மொதல்ல அதைத்தான் பார்ப்பேன். வாடகையெல்லாம் அப்புறம்."

* * *

ஸ்கூட்டரை ஓ.டி.யில் விட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினோம். முதுநகர் தாண்டியதும் பஸ்ஸில் ஒரு சடங்கு நடக்கும். வழக்கமாக வருகிறவர்கள் கண்ணை மூடியிருந்தாலும் கை தானாகக் கர்ச்சீப்பைத் தேடும். சிப்காட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

1980-களில் வந்த தொழிற்பேட்டை. மருந்து, சாயம், ரசாயனம். உப்பனாற்றை ஒட்டியே கம்பெனிகள். குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்கள் ரொம்ப காலம் நாற்றத்தைப் பற்றி மனு போட்டுப் பார்த்தார்கள். நாற்றத்துக்கு சாட்சி ஏது? 2004-ல் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்து, நாற்றம் வரும்போது காற்றை அதில் பிடித்து, சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வாடை (அழுகின முட்டையா, வெந்த கோஸா) என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். ஆபீஸில் வருகைப் பதிவேட்டையே ஒழுங்காக எழுதாத எனக்கு இதைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது.

"ஆனா ஒண்ணு மாப்ளே" என்றார் ஓ.டி., கர்ச்சீப்புக்குள்ளிருந்து. "எங்க தெருவுல நாலு பையன் இங்கேதான் வேலை பாக்கறான். கான்ட்ராக்ட்தான். மூடுன்னு சொன்னா அவன் அம்மாவே என்னை அடிக்க வரும். மூடாதேன்னா என் அம்மா அடிக்க வரும். நான் யார்கிட்ட அடி வாங்கறது?"

பெரியகுப்பம் பக்கம் கட்ட ஆரம்பித்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, தானே புயலில் அடிபட்டு நடுவிலேயே நின்றது. அந்த வேலையை நம்பிக் கல்யாணம் பேசின குடும்பங்கள் உண்டு. எனக்கு மாமனார் முகம் ஞாபகம் வந்தது.

புதுச்சத்திரத்தில் நல்ல காற்று. எல்லாரும் கர்ச்சீப்பை மடித்து வைத்தார்கள்.

* * *

இனி என் முறை. கீழ வீதியில் இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "பாருங்க, நாலு தேர் வீதி. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கோபுரம். பீரோவுக்கு செங்கல் வேண்டாம். பத்து நிமிஷ நடையில காய்கறி, டாக்டர், கோயில் எல்லாம்." 1981-லிருந்து சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி வேறு நடக்கிறது என்றேன். (நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பஸ் லேட்.)

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அண்ணாமலை நகர். 1929-ல் ஆரம்பித்த யுனிவர்சிட்டி. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற ஆபீஸ்காரர்களில் எத்தனை பேர் 'அண்ணாமலையில் கரஸ்ல' டிகிரி வாங்கி ப்ரமோஷன் பார்த்தீர்கள் என்று கை தூக்கச் சொன்னால், ஆபீஸில் ஃபேன் இடிக்கும்! சிதம்பரத்தின் மெஸ், லாட்ஜ், ஜெராக்ஸ் கடை, மாடி போர்ஷன் எல்லாம் இந்த ஒரு இடத்தை நம்பித்தான் பல வருஷம் பிழைத்தன.

"அதான் தப்பு" என்றார் ஓ.டி. "ஒத்தைக் கால்ல நிக்கறது சாமி மட்டுமில்ல."

வாஸ்தவம். யுனிவர்சிட்டி பணமுடையில் சிக்கி, 2013-ல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கணக்குப் பார்த்தால் ஊழியர்கள் தேவைக்கு மேலே. நிறையப் பேரை வேறு வேறு ஊர் கல்லூரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் அனுப்பினார்கள். எங்கள் தெருவில் அந்த வருஷங்களில் தொங்கின 'டு லெட்' அட்டைகளை எண்ணிக்கொண்டேதான் நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். தொழிற்சாலை என்று சொல்ல சிதம்பரத்தில் ஒன்றும் பெரிசாகக் கிடையாது. அதனால் நாற்றமும் கிடையாது. சம்பளமும் கிடையாது!

இன்னொரு வேடிக்கை. 1985-ல் இங்கே வந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு எடுத்துக்கொண்டு, 2021-ல் பெயர் மாற்றியது. பெயர் என்ன? கடலூர் மருத்துவக் கல்லூரி! இருப்பது சிதம்பரத்தில். கடலூரில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், 'கடலூர் மருத்துவக் கல்லூரி'க்குப் போக நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரவேண்டும். இந்த மார்க்கை யாருக்குப் போடுவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

சண்டை ஓய்ந்தபோது இருவருக்கும் பசி. வடக்கு வீதிப் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் கத்திரிக்காய் கொத்சு வந்தது. இதில் மட்டும் ஓ.டி. எதிர்க்கட்சி அல்ல. மூன்றாவது கரண்டியில் சொன்னார்: "மெயின் லைன்னு பேர் வெச்சுட்டு, எல்லா எக்ஸ்பிரஸையும் விருத்தாசலம் கார்டு லைன்ல விட்டான் பாரு, அன்னிக்கே ரெண்டு ஊரும் சேர்ந்துதான் தோத்துச்சு. அகலப் பாதையே 2010-லதானே வந்துச்சு. நடுவுல நெய்வேலிக்காரன் அகல ரோட்டுல நிம்மதியா வாக்கிங் போறான்."

பில்லை ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.

அவரை வழியனுப்ப பஸ் ஸ்டாண்ட் போனேன். சென்னை பஸ் முழுக்க எங்கள் ஊர்ப் பையன்கள். மடியில் பை, பைக்குள் அம்மா கட்டின புளிசாதம். பக்கத்திலேயே கடலூர் பஸ். அதிலும் அதே வயசு, அதே பை. கடலூரில் இறங்கி அங்கிருந்து பாண்டிச்சேரிப் பக்கம் நைட் ஷிஃப்ட். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சீட் கிடைத்ததா என்று மட்டும் எட்டிப் பார்த்தேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்கு ஃபோன் செய்தேன். கையில் இரண்டு பக்கக் குறிப்பு. மாமனார் எடுப்பார் என்று தொண்டையைக் கனைத்தால், எடுத்தது அவங்க!

தப்பித்தோம் என்று குறிப்பை அப்படியே ஒப்பித்தேன். வெள்ளம், வாடகை, தண்ணீர், காற்று, ஆஸ்பத்திரி, ரயில், கோபுரம், பீச். ராபர்ட் கிளைவைக்கூட விடவில்லை. அவங்க பொறுமையாகக் கேட்டாங்க.

"எல்லாம் சரிங்க. நான் எம்.காம். முடிச்சுட்டு இங்கே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல நாலு வருஷமா வேலை பாக்கறேன். அப்பா சொன்னாரில்ல?"

"சொன்னாருங்க."

"அந்த ரெண்டு ஊர்ல எனக்கு எங்கே வேலை கிடைக்கும்?"

இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். கொத்சு கறைதான் இருந்தது.

"அது... விசாரிக்கலைங்க."

"விசாரிங்க. எங்கே கிடைக்குதோ அங்கே வீடு பாத்துக்கலாம். உங்களுக்குத்தான் பஸ் பழக்கமாச்சே!"

இந்தத் தடவை சிரித்தது பிரமை இல்லை.

கடலூரில் இரண்டு ஆடிட்டர் ஆபீஸில் கேட்டிருக்கிறேன். ஒருவர் "மார்ச்சுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார். இன்னொருவர் சம்பளம் சொன்னார், சொல்லாமலே இருந்திருக்கலாம். சிதம்பரத்தில் ஒருவர் பயோடேட்டாவை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஓ.டி. நேற்று பாண்டிச்சேரியில் ஒரு இடம் சொன்னார். கடலூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானாம், அடிக்கடி பஸ் இருக்கிறதாம்.