எனக்கு ஏன் பேய் வரவில்லை?

பள்ளிக் கேளிக்கை விழாவில் பேய் வீடு அமைக்க எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் அனுமதி கேட்டபோது, கறுப்புத் துணியும் முகமூடியும் இருந்தால் போதும் என்றுதான் எண்ணினேன். நானோ தமிழாசிரியன். கழகத்திற்கு வேறு பொறுப்பாசிரியர் இல்லாததால் அப்பணி என் தலையில் விழுந்திருந்தது.

மறுநாள் படிவம் நான்கு மாணவி ஒருத்தி சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தாள். தொழிற்சாலையில் பழுதுபார்ப்பவரான அவள் தந்தை, கழித்துவிட்ட இயந்திரத்திலிருந்து அனுமதி பெற்றுக் கழற்றியது.

"பி.எல்.சி., ஐயா. நாம் எழுதும் நிரல்படி இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி," என்றாள்.

முன்பெல்லாம் கார் தொழிற்சாலைகளில் உற்பத்தி முறை மாறினால், எண்ணற்ற ரிலேக்களின் கம்பிகளைக் கழற்றி மீண்டும் இணைக்க வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்க்க அமெரிக்காவில் டிக் மோர்லியின் குழு 1968-இல் உருவாக்கத் தொடங்கியதுதான் மோடிகோன் 084. அது அவர்களின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண். கார் தொழிலுக்காகப் பிறந்த கருவி எங்கள் வகுப்பறையில் சவப்பெட்டியைத் திறக்கப் போகிறது!

நடைவழியின் இருபுறமும் ஒளி உணரி பொருத்தினோம். யாராவது ஒளிக்கற்றையை மறைத்தால் கருவி அதை உணர்ந்து வால்வைத் திறக்கும். காற்றழுத்தத்தால் அட்டை மூடி மேலெழும். முதல் சோதனையில் யாரும் பயப்படவில்லை. ஆள் பெட்டியை நெருங்கும் முன்பே மூடி திறந்துவிட்டது. மாணவி இரண்டு வினாடி தாமதத்தைச் சேர்த்தாள். அடுத்து நுழைந்தவன் நான்தான். என் அலறல் ஆசிரியர் அறை வரை கேட்டதாம்.

அவள் தந்தை வந்து பார்த்துவிட்டு ஒரு சிவப்புப் பொத்தானைப் பொருத்தச் சொன்னார். அதை அழுத்தினால் வால்வுக்குச் செல்லும் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்படும். மூடி மெல்லத் தாழும். "நிரலில் பிழை இருக்கலாம். நிறுத்தும் பொத்தான் நிரலை நம்பி இருக்கக்கூடாது," என்றார்.

சிறு பிள்ளைகள் பயந்துவிடக்கூடாதே என்று உணரியை 130 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தோம். அவர்கள் ஒளிக்கற்றைக்குக் கீழே நடந்து போய்விடுவார்கள். நல்ல யோசனை என்று நானே பாராட்டினேன்.

விழா நாளன்று சக்கர நாற்காலியில் வரும் எங்கள் மாணவன் ஒருவன் இருமுறை உள்ளே போய் வந்தான். இரண்டாம் முறை வெளியே வந்ததும் என்னிடம் கேட்டான்:

"எல்லாருக்கும் வருகிறதே, எனக்கு மட்டும் ஏன் பேய் வரவில்லை, ஐயா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் தலையும் அந்த ஒளிக்கற்றைக்குக் கீழேதான் இருந்தது. உயரத்தை வைத்து வயதைக் கணித்தோம். அவனை நாங்கள் நினைக்கவே இல்லை.

மாணவி ஒன்றும் பேசாமல் மடிக்கணினியைத் திறந்தாள். உணரிக்கு இணையாக இன்னொரு தொடுப்பை நிரலில் வரைந்தாள். அதற்கான பொத்தானைச் சவப்பெட்டிக்குப் பின்னால் நின்ற மாணவனிடம் கொடுத்தாள். இனி ஒளிக்கற்றை மறைந்தாலும், பொத்தான் அழுத்தப்பட்டாலும் மூடி திறக்கும். "பயம் வேண்டுமா, வேண்டாமா?" என்று வாசலிலேயே எல்லாரையும் கேட்கவும் ஏற்பாடு செய்தாள்.

"வேண்டும்!" என்றான் அவன். உள்ளே சென்ற சிறிது நேரத்தில் ஒரு பெரும் அலறல், அதைத் தொடர்ந்து சிரிப்பு. வெளியே வந்தவன் சட்டைப்பையிலிருந்து மேலும் இரண்டு ரிங்கிட்டை எடுத்து நீட்டினான்.