எலும்புல இருக்குற வலி, நரம்புல இருக்குற வலி

எங்க தர்மபுரி பக்கம் அம்பது வயசைத் தாண்டுனவங்க தரையில ஒரு கையை ஊனித்தான் எழுந்திருப்பாங்க. வெளியூர்க்காரங்களுக்கு அது வயசு. நாங்க பல்லைப் பாப்போம். பழுப்புக் கறை படிஞ்சிருந்தா, சின்னப் புள்ளையிலேர்ந்தே ஃபுளோரைடு தண்ணி குடிச்ச உடம்புன்னு அர்த்தம்.

இந்த நோயை இந்தியாவுல முதல்ல கவனிச்சது டாக்டர்கள் இல்ல, சம்சாரிங்கதான். 1930கள்ல, அப்போ சென்னை மாகாணத்துல இருந்த நெல்லூர்ப் பக்கம், உழவு மாடுங்க மூட்டு இறுகி நடக்க முடியாம நின்னுச்சு. அப்புறம் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூணு பேரும் ஆராய்ஞ்சு, மனுசங்களுக்கும் இதேதான்னு 1937ல எழுதினாங்க. மாட்டுக்கு வலிச்சா நடிக்குதுன்னு யாரும் சொல்றதில்ல பாருங்க.

லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும்தான் குடிநீர்ல ஃபுளோரைடு இருக்கலாம். எங்க போர்த் தண்ணி பல ஊர்ல அதைத் தாண்டும். ஜப்பான் கடனுதவியில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல திறந்தாங்க. காவேரித் தண்ணி குழாய்ல வந்துச்சு. ஆனா எலும்புல ஏற்கனவே படிஞ்சது சீக்கிரம் இறங்காது. முதுகெலும்புல சேந்து இறுகின தசைநாரும் அப்படியேதான் இருக்கும்.

எங்க பெரியம்மா விஷயத்துல இதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. இடுப்புல ஆரம்பிச்ச வலி தோளுக்கு வந்துச்சு, கைக்கு வந்துச்சு. முந்தானை உரசினாக்கூட எரியுதுங்கும். ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பாத்துட்டு, "இதுக்கு இவ்ளோ வலிக்காதேம்மா"ன்னு சொல்லிட்டாரு. மருமக பக்கத்துல நின்னு கேட்டுட்டா. அன்னையிலேர்ந்து வீட்டுல வலியைப் பத்தி பெரியம்மா வாயைத் திறக்கறதில்ல.

கிளிஃபோர்ட் வுல்ஃப்னு ஒருத்தர் 1983ல லண்டன்ல எலிகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாரு. காயத்துக்கு அப்புறம் தண்டுவட நரம்பே உசுப்பேறி நிக்குது, லேசாத் தொட்டாலும் வலியா எடுத்துக்குதுன்னு காட்டினாரு. எங்க ஆளுங்களுக்கு இதை நான் யானையை வெச்சுத்தான் சொல்லுவேன். பென்னாகரம் பக்கம் காட்டோரக் கொல்லையில ஒரு தடவை யானை இறங்கிடுச்சுன்னா, அப்புறம் பத்து நாளைக்கு இலை அசைஞ்சாலும் காவக்காரன் டார்ச்சைத் தூக்கிட்டு ஓடுவான். யானை வரல, ஆனா அவன் தூக்கம் போனது நிஜம். பெரியம்மா உடம்புலயும் அப்படி ஒரு காவக்காரன் முழிச்சே இருக்கான். எக்ஸ்ரேயில அவன் தெரிய மாட்டான்.

மூணு மாசத்துக்கு மேல நீடிக்கிற வலி தனியா ஒரு நோயாவே இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியலும் ஏத்துக்கிச்சு. அது 2022லேர்ந்து நடைமுறையில இருக்கு. எங்க ஊர் வரைக்கும் அந்தச் சேதி இன்னும் நடந்து வந்துட்டிருக்கு. அதுக்குள்ள மெடிக்கல்ல கேட்டு வாங்குற வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்கி கிட்னியைக் கெடுத்துக்கிறவங்கதான் அதிகம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021ல பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. அதுல வீட்டுக்கு வர்ற பிசியோதெரபி பொண்ணுதான் பெரியம்மாவை முதல்ல நம்பினது. "வலி நிஜம்தாம்மா. ஆனா நடந்தா எலும்பு உடைஞ்சிடாது"ன்னு சொல்லிச்சு. தெனமும் புளியமரம் வரைக்கும் போயிட்டு வரணும். வலிச்சாலும் அவ்ளோதான், வலிக்காட்டியும் அவ்ளோதான். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கக் கூடாது. நரம்பை அடக்குற மாத்திரை ஒண்ணு டாக்டர் எழுதித் தந்தாரு.

வலி போயிடல. முன்னாடி வாரத்துல நாலு நாள் படுக்கை, இப்போ ஒரு நாள். சிக்கல் என்னன்னா, வலி கொறைஞ்ச அன்னிக்கு பெரியம்மா நேரா கடலைக்காய் பொறுக்கப் போயிடுது. சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சே கெடக்கும், அடுத்த மூணு நாள் எழும்பாது. "இன்னிக்கு நல்லாத்தானடா இருக்கேன்"ங்கும். அந்த நல்ல நாள்ல அதைக் கட்டில்ல உக்கார வெக்கிறதுதான் இப்போ வீட்டுல பெரிய சண்டை. மருமகதான் முன்னாடி நின்னு சண்டை போடுறா.