அல்லி ராணி வீட்டுக்கு ஒரு நடை

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குத் தெருவார் வைத்த பெயர் "அல்லி ராஜ்யம்". அப்பா காலமானபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து. அம்மாவே வயலைக் குத்தகைக்கு விட்டு, கணக்குப் பார்த்து, எங்களைப் படிக்க வைத்தாள். ஆண் துணையில்லாத ஒருத்தி தலைநிமிர்ந்து நடந்தால் ஊர் சும்மா இருக்குமா, சகோதரிகளே? கேலி செய்தவர்களை அம்மா ஏறிட்டும் பார்த்ததில்லை. ஆனால் இரவில் அவள் விசும்பியது எனக்குக் கேட்டிருக்கிறது.

அதனால்தான், இலங்கையில் மன்னாரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தபோது, "பக்கத்தில் அல்லி ராணி கோட்டை இருக்கிறது, பார்க்கலாமா?" என்று அவள் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அம்மாவோ, "போவோமே!" என்று செருப்பைத் தேடினாள்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற கிராமம். அங்கிருந்து கடலோரமாகவே நடக்கலாம். முழங்கால் வலிக்காரர்களும் பயப்பட வேண்டாம், மேடு பள்ளம் அதிகமில்லை. குடையையும் தண்ணீரையும் மட்டும் மறந்துவிடாதீர்கள். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனால், மண்மேட்டின் மேல் செங்கல் சுவர்களும் தூண்களும் எழுந்து நிற்கும்.

பெயர்தான் கோட்டையே தவிர, அது ஒரு துரையின் மாளிகை! இலங்கையின் முதல் ஆங்கிலேயக் கவர்னர் பிரெடரிக் நார்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக 1804-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்தது. அவருக்குக் கிரேக்க நாட்டின் மேல் ஒரே பித்து. அதனால் அந்நாட்டு டோரிக் பாணியில் தூண்கள் வைத்து, மாடி வீடாக எழுப்பினார். எதிரேயுள்ள முத்துச் சிலாபத்துக்கு நம் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் போய், கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவார்களாம். 1925-க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இப்போது கடல் அடிமண்ணை அரித்து, மாளிகையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி வருகிறது. விளிம்புக்குப் போகாமல் தள்ளி நின்றே பாருங்கள்.

அல்லி எப்படி இங்கே வந்தாள்? நம் பாட்டிமார் ராகம் போட்டுப் படித்த அல்லி அரசாணி மாலையின் மதுரை ராணிதான். அந்தக் கரையிலுள்ள குதிரைமலையிலிருந்து அவள் ஆண்டாள் என்பது அவ்வூர்க் கதை. சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லாது. ஆனாலும் ஜனங்கள் துரையின் வீட்டை அவளுக்கே எழுதி வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சிநேகிதி சொல்லி முடித்ததும், அம்மா ஒரு தூணில் கை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு, "ஏட்டி, கட்டுனவன் பேரு நிக்கல, பாத்தியா? ஆண்டவ பேருதான் நிக்கி" என்றாள். எனக்குக் கடல் கலங்கலாகத் தெரிந்தது.

ஊர் திரும்பிய மறுநாள், தெருமுனையில் ஒரு பெரியவர், "என்ன, அல்லி ராஜ்யத்தார் வந்தாச்சா?" என்று சிரித்தார். அம்மா முதல் தடவையாக நின்று, திரும்பி, அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வந்தாச்சு, அண்ணாச்சி. கோட்டையையும் ஒரு நடை பாத்துட்டு வந்தாச்சு."