மைபோஸிலிருந்து வந்த சொந்தக்காரன்

உலகப் படத்தில் மைபோஸ் தீவைத் தேடிப் பயனில்லை. மத்தியதரைக் கடலில் கிரேக்கத்துப் பக்கம் எங்கோ இருப்பதாகப் பாவனை. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' நகைச்சுவைத் தொடருக்காகவே உண்டாக்கிய தீவு அது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பால்கி, மூட்டை முடிச்சோடு சிகாகோவில் லாரி ஆப்பிள்டன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தூரத்துச் சொந்தமாம். எவ்வளவு தூரம் என்று கிளறினால் சொந்தமே கரைந்துவிடும். பால்கி கிளறுகிற ஆளில்லை. வாய்க்கு வாய் முறை சொல்லித்தான் கூப்பிடுவான்.

இல்லாத ஊர்க்காரனைக் கேலி செய்தால் கேட்க நாதியில்லை என்று தயாரிப்பாளர்கள் நினைத்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் தொடர் முழுக்க மூக்குடைபடுகிறவன் என்னவோ லாரிதான். விஸ்கான்சினிலிருந்து பெரிய ஆளாகும் கனவோடு நகரத்துக்கு வந்தவன், எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பவன்.

பிபி பாப்கா கதை ஒன்று போதும். அது மைபோஸ் பலகாரம், பால்கிக்குக் கைவந்தது. தின்று பார்த்த லாரியின் கண்ணில் பணம் தெரிகிறது. வீட்டுச் சமையலறையே தொழிற்சாலையாகிறது. அவசரப்பட்டால் பலகாரம் வெடிக்கும் என்று பால்கி எச்சரிக்கிறான். அதற்கென்று அவன் ஊரில் ஒரு பாட்டே இருக்கிறது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பதம் தப்பக் கூடாது என்பதைப் பாட்டாகக் கட்டி வைத்த ஊர், கற்பனை ஊராகவே இருந்தாலும், மரியாதைக்குரிய ஊர். லாரி பாட்டைக் கேட்டானா? அடுப்பின் சூட்டைக் கூட்டினான். வெடித்தது.

பால்கியாக வந்த பிரான்சன் பின்சோ அதற்கு முன்பே 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்தில், எந்த நாட்டுக்கும் சேராத ஓர் உச்சரிப்போடு சின்ன வேடத்தில் தலைகாட்டிப் பேர் வாங்கியவர். லாரி வேடத்தில் மார்க் லின்-பேக்கர். சந்தோஷம் வந்தால் இருவரும் கைகோத்துக் காலை உதறி ஆடுவார்கள். முடிவில் பால்கி துள்ளி லாரிமேல் தொற்றிக்கொள்வான். அந்த ஆட்டத்துக்கு முன்னால் தொடரின் வசனமெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். 150 பகுதிகள் ஓடி 1993இல் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். உலக மக்களில் இரண்டு சதவீதம் பேர் ஒரே நொடியில் காணாமல் போவதாக 2014இல் 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' என்றொரு தொடர் வந்தது. துக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத தொடர். அதில், மறைந்துபோனவர்களில் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' முக்கிய நடிகர்கள் நால்வரும் அடக்கம் என்று போகிற போக்கில் ஒரு செய்தி. அப்புறம் பார்த்தால் மூவர்தான் மறைந்தவர்கள். லின்-பேக்கர் மறைந்ததுபோல் நாடகமாடியிருக்கிறார். 2017இல் அவரே அவராக அதில் தோன்றுகிறார். எல்லோரும் போன இடத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லும் ஒரு யந்திரத்தில் ஏறத் தயாராக இருக்கிறார். உயிருக்கு உத்தரவாதமில்லாத யந்திரம். அசல் லாரித்தனமான திட்டம். பாட்டுப் பாடி எச்சரிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.